மலாவியின் மேல் எனக்குப் பொறாமை

1

எனக்கு ஒரு நாட்டின் மேல் பொறாமை. ஆள் மேல் இல்லை, நாட்டின் மேல். பெயர் மலாவி. ஆப்பிரிக்காவில் தெற்குப் பக்கம் இருக்கிறது. நான் போனதில்லை. என் மகள் கயலும் அப்போது போனதில்லை. ஆனால் போகாமலே அங்கே குடியிருந்தாள்.

பெங்களூரில் இருக்கிற நம் ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஊரிலிருந்து எழுதச் சொல்கிறீர்கள். நல்லபடியாக வாழ்கிறோம் என்று எழுதினால் ஊரில் சந்தோஷப்படுவீர்கள். எனக்கு அப்படி எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

கயலுக்கு கோரமங்கலாவில் ஒரு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. மலாவியில் வறுமையைக் குறைக்க அரசாங்கம் என்னென்ன செய்யலாம் என்று யோசித்து எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் நாள் அவள் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

"நம்ம ஈஜிபுராவுல மழை பேஞ்சா சாக்கடை வீட்டுக்குள்ள வருது. இங்க உக்காந்துக்கிட்டு நீங்க மலாவிக்கு வழி சொல்லப் போறீங்களா?"

"ரெண்டும் வேற வேற பிராப்ளம்மா."

"சாக்கடைக்கு எந்த நாட்டுல ஆபீஸ் வெச்சிருக்காங்க?"

அவள் சிரிக்கவில்லை. என் பெண்ணுக்கு என் பேச்சு சிரிப்பு மூட்டி ரொம்ப காலம் ஆகிறது.

அதற்குப் பிறகு வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் மலாவிதான். அங்கே மக்காச்சோளம்தான் சோறு. அறுவடை செய்ததை வைத்துச் சாப்பிட்டு, டிசம்பர், ஜனவரியில் பானை காலியாகிவிடும். அடுத்த அறுவடை மார்ச், ஏப்ரலுக்கு மேல். நடுவில் இருக்கிற மாதங்கள்தான் பசி மாதங்கள். அந்த நேரம் பார்த்து சந்தையில் சோளம் விலை ஏறும். ஜோம்பா என்கிற மாவட்டத்தில் ஒரு பெண் பிப்ரவரியில் என்ன சாப்பிடுகிறாள் என்று கயலுக்குத் தெரியும். தவிட்டைக் கஞ்சி காய்ச்சுகிறாளாம், பச்சை மாங்காயை அவித்துக் கொடுக்கிறாளாம். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கும்.

"நானும் உங்கப்பாவும் இங்க வந்த புதுசுல..." என்று நான் ஆரம்பிப்பேன்.

"தெரியும்மா, சொல்லியிருக்கே."

நான் சொன்னதே இல்லை. ஆரம்பித்த இடத்திலேயே நூறு தடவை நின்றிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கட்டிலில் உட்காரவைத்தாள். அங்கே இருக்கிற பெண்களிடம் கேட்கப் போகிற கேள்விகளை என்னிடம் கேட்டுப் பழகிப் பார்க்க வேண்டுமாம். முதலில் மந்திரம்போல ஒன்றை ஒப்பித்தாள். பதில் சொல்லக் கட்டாயம் இல்லை, பிடிக்காவிட்டால் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், என்ன பதில் சொன்னாலும் உங்களுக்குக் கிடைக்கிற எதுவும் குறையாது. கேள்வி கேட்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அதுதான் அவர்கள் தொழிலில் சட்டம்.

"சரி, கேளு."

"வீட்ல மத்தவங்களுக்குப் போதணும்னு நீங்க ஒரு வேளை சாப்பிடாம இருந்தது உண்டா?"

"உண்டு. நீ பொறந்த வருஷம் பூரா..."

"அம்மா, நீயா பதில் சொல்லாதே. மலாவியில இருக்கிற ஒரு அம்மாவா நெனச்சுக்கிட்டு சொல்லு."

நான் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். பதில் சொல்லக் கட்டாயம் இல்லை என்று அவளே சொல்லியிருந்தாளே.

2

நான் வேலை செய்வது பொம்மனஹள்ளியில், ஒரு துணிக் கம்பெனியில். தைக்கிற வேலை இல்லை. ஸ்டோரில் நூல், பட்டன், ஜிப் வருவதையும் போவதையும் பார்க்கிற வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன்.

கர்நாடகாவில் பெண்களுக்கு அரசு பஸ் இலவசம். ஆனால் ஆதாரில் கர்நாடக விலாசம் இருக்க வேண்டும். என் ஆதாரில் போளூர் விலாசம் இருக்கிறது. இங்கே இருக்கிற நம் ஆட்கள் பாதிப் பேர் செய்கிற தப்பு இது. எப்படியும் இன்னும் இரண்டு வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று சொல்லிச் சொல்லியே எதையும் மாற்றுவதில்லை. ஓட்டு அங்கே, ரேஷன் அங்கே, உடம்பு இங்கே.

கீழ் வீட்டு ரத்னம்மா என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறாள். அவள் கார்டைக் காட்டி இலவச டிக்கெட்டை வாங்கி விசிறிக்கொள்கிறாள். நான் காசு கொடுத்து வாங்கிக் கைக்குள் மூடிக்கொள்கிறேன். ஒரு நாள் புதுக் கண்டக்டர். என் கார்டையும் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தமிழ்நாடு அட்ரெஸ் அல்வாம்மா? எஷ்டு வர்ஷா ஆய்து பெங்களூரிகே பந்து?"

எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். "இப்பத்து வர்ஷா மேலாய்து" என்றேன். இருபதுக்கு மேல்.

"இப்பத்து வர்ஷா! இன்னூ மனசு மாடில்வா?"

இன்னும் மனசு வரவில்லையா என்றார். பஸ்ஸே சிரித்தது. ரத்னம்மா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். "அவரு ஊரல்லி அரமனே இதே, அதிக்கே" என்றாள். ஊரில் அரண்மனை இருக்கிறதாம் எனக்கு. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்த வீட்டில் என் பங்கு ஒரு அறை. அதில் கொழுந்தனார் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்.

சரி, விலாசம் அங்கே இருக்கிறதே, அங்கே மாதாமாதம் பெண்களுக்குக் கொடுக்கிற உரிமைத்தொகையாவது வந்ததா? விசாரிக்க வந்தவர்களிடம் பக்கத்து வீட்டுக்காரி உண்மையைச் சொல்லிவிட்டாள். "அவங்க பெங்களூர்ல இருக்காங்க." அரிச்சந்திரன் பரம்பரை. ஆக, அங்கே இல்லாததால் அது இல்லை. இங்கே விலாசம் இல்லாததால் இது இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கயலிடம் இதைச் சொல்லிக் கத்தினேன். அவள் லேப்டாப்பை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு கேட்டாள். எவ்வளவோ வருஷத்துக்குப் பிறகு, நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள். நடுவில் இரண்டு கேள்வியும் கேட்டாள். எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது.

முடித்ததும் சொன்னாள், "அம்மா, இது சூப்பர் பாயிண்ட். அங்கயும் இதே பிரச்சினை. ஊர்ல பேரு எழுதும்போது வேலைக்கு வெளியில போனவங்க பேரை விட்டுடறாங்க. ஆள் எங்க போனாலும் உதவி கூடவே போகணும். இதை ரிப்போர்ட்ல போடறேன்."

லேப்டாப்பைத் திறந்துவிட்டாள்.

என் கஷ்டம்கூட மலாவிக்குத்தான் போகிறது.

3

சிகொண்டி வந்தது அதற்குப் பிறகு. ஜோம்பாவில் அரசாங்கத்தின் நலத்துறையில் வேலை செய்கிறவள். என் வயசு இருக்காது, கயலைவிடப் பெரியவள். ஒரு பயிற்சிக்காகப் பெங்களூர் வந்திருந்தாள். கயலும் அவளும் தினமும் போனில் பேசிப் பழகியவர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிவருகிறேன் என்றாள் கயல்.

"என்ன செய்யட்டும்? பிரியாணியா?"

"களி செய்யேன்மா. அவங்க சாப்பாடு கிட்டத்தட்ட அதேதான். மக்காச்சோள மாவுல கிண்டறாங்க. கருவாடு மாதிரி குட்டி மீன் வெச்சுக்கிட்டு சாப்பிடுவாங்க."

கயலுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து களி ஆகாது. தட்டில் வைத்தால் அது சிமெண்ட் என்பாள். அவள் அப்பா ஆசையாகக் கேட்பாரே என்று நான் கிண்டினால் அன்றைக்கு இவளுக்குத் தனியாக மேகி. அப்படிப்பட்டவள் இப்போது களி கேட்கிறாள். யாருக்காக?

கோபத்தில் கிண்டினால் களி நன்றாக வரும். அன்றைக்கு ரொம்ப நன்றாக வந்தது. கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு ரத்னம்மா கீழே ஜன்னலை அடித்துச் சாத்தியது கேட்டது.

சிகொண்டி வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரும் பாத்திரமும் கேட்டாள். வாங்கிக்கொண்டு என் முன்னால் பாதி முழங்கால் போட்டு, என் கையில் தண்ணீர் ஊற்றினாள். பெரியவர்களுக்குச் சின்னவர்கள் அப்படித்தான் செய்வார்களாம் அவர்கள் ஊரில். நான் கை கழுவிக்கொண்டே கயலைப் பார்த்தேன். அவள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆங்கிலத்தில்தான் பேசினோம். என் ஆங்கிலம் ஸ்டோர் ஆங்கிலம். வந்தது, வரவில்லை, குறைகிறது, திருப்பி அனுப்பு. அதை வைத்துக்கொண்டே நிறையப் பேசலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

சிகொண்டி களியைப் பிய்த்து, உருட்டி, கட்டைவிரலால் குழி பண்ணி, குழியில் குழம்பை அள்ளிச் சாப்பிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் மாதிரியே. "எங்க அம்மா இதைப் பார்த்தா கொஞ்சம் தளர்வா இருக்குன்னு குறை சொல்வாங்க" என்றாள்.

"உங்க அம்மாவை வரச் சொல்லு. அடுப்பைக் காட்டறேன். கிண்டட்டும்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கிறவளை வெறுப்பது கஷ்டம். ஆனாலும் முயற்சி செய்தேன்.

பேச்சு அவர்கள் வேலைக்குப் போனது. பசி மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் காசாகக் கொடுப்பதா, சோளமாகக் கொடுப்பதா என்று இரண்டு பேருக்கும் சண்டை. கயல் காசு என்றாள். காசு கொடுத்தால் மட்டும் போதுமா, சந்தைக்குச் சோளம் வர ரோடு வேண்டாமா என்றாள் சிகொண்டி. நான் நடுவில் புகுந்தேன்.

"தானியமாக் குடுங்க. காசு குடுத்தா ஆம்பளைங்க கைக்குப் போயிடும்."

"பொம்பளை கையிலதான்மா குடுக்கறோம். என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரியாதா? புள்ளைக்கு மருந்து வேணும்னா சோளத்தை வெச்சு என்ன பண்ணுவாங்க? உனக்கு என்ன வேணும்னு வேற யாராவது முடிவு பண்ணா நீ சும்மா இருப்பியா?"

இருக்க மாட்டேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவள் சொன்னது சரி. எனக்கு வயிறு எரிந்தது அதனால் இல்லை. பார்த்தே இராத ஒருத்தியை அவ்வளவு நம்புகிறாளே என்று எரிந்தது. சாயங்காலம் கறிவேப்பிலை வாங்க நான் தெருமுனைக்குப் போனால்கூட "பார்த்துப் போம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறவள்.

யார் ரொம்ப ஏழை என்று அங்கே ஊரைக் கூட்டி, எல்லோர் முன்னாலும் பெயர்களை வாசித்து, ஊரே ஒத்துக்கொள்ள வேண்டுமாம். அதிலும் தப்பு நடக்கிறது, தலைவரின் சொந்தக்காரர்கள் பெயர் நுழைந்துவிடுகிறது என்றாள் சிகொண்டி. அதற்கும் எனக்குப் பொறாமை. எங்கள் தெருவில் யார் ஏழை என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. சொந்தக்காரன் பெயர் நுழைவது மட்டும் எங்களுக்கும் உண்டு.

இரண்டாம் உருண்டை வைக்கும்போதுதான் சிகொண்டி என் கையைப் பிடித்தாள். "நீங்க பெரிய மனசுக்காரங்க. ஒரே மகளை ரெண்டு வருஷத்துக்கு எங்க ஊருக்கு அனுப்பறீங்க. நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

கயல் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

எனக்குப் புரிய நேரமாகவில்லை. வந்தது, வரவில்லை மாதிரி எளிதான ஆங்கிலம்தான். கரண்டியில் இருந்த களியை அப்படியே கயல் தட்டில் போட்டேன். சத்தம் கேட்டது.

சிகொண்டி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. பிறகு கயல் பக்கம் திரும்பினாள்.

"எங்க ஊர்ப் பொம்பளைங்ககிட்ட என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி, கேக்கலாமான்னு கேக்கச் சொல்லி எனக்கே பாடம் எடுத்தவ நீ. உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையா?"

கயல் தட்டை இழுத்துக்கொண்டாள். களியைச் சாப்பிட்டாள். முழு உருண்டையையும். சிமெண்ட் என்று சொல்லவில்லை.

4

சிகொண்டி போன பிறகு நாங்கள் கத்திக்கொண்டதைத் தெருவே கேட்டிருக்கும். எல்லாவற்றையும் எழுத முடியாது.

"ஏன்டி சொல்லல?"

"கேட்டா நீ வேணாம்பே."

"ஆமாம், வேணாம்பேன்."

"அப்பறம் எப்படிக் கேக்கறது?"

"நம்ம ஊர்ல ஏழைங்க இல்லையா? போளூருக்குப் போ. ஜவ்வாது மலைக்குப் போ. கரும்பு வெட்ட லாரியில ஏறிப் போறாங்களே, அவங்ககிட்ட போய்க் கேளு. அங்க போய் எழுது உன் ரிப்போர்ட்டை."

"நீ அங்கேர்ந்து கிளம்பி வந்துட்டே. ஒரு அட்ரெஸைக்கூட மாத்தாம, திரும்பியும் போகாம, நடுவுல நிக்கறே. நான் மட்டும் ஏன்மா அங்க போகணும்? எனக்கு அது ஊர் இல்ல. உன் ஊர்."

இதற்கு என்ன சொல்வது என்று ஊரில் இருக்கிற நீங்கள் யாராவது யோசித்துச் சொல்லுங்கள்.

அன்றைக்குப் படுத்துக்கொண்டு யோசித்தேன். எனக்கு மலாவி மேல் மட்டும் பொறாமை இல்லை. சிகொண்டி மேல் இருக்கிறது. அவள் தன் ஊரில், தன் மொழியில் வேலை செய்கிறாள், பயிற்சி முடிந்தால் திரும்பிப் போகிறாள். கயல் மேலும் இருக்கிறது. அவளுக்கு அங்கே வீடு ஏற்பாடு செய்திருக்கிறார்கள், இறங்கினால் கூட்டிப்போக ஆள் நிற்கும். நான் இந்த ஊரில் இறங்கியபோது எந்தப் பக்கம் போகும் பஸ் என்று கேட்கக்கூட எனக்கு வார்த்தை இல்லை. அவள் போவதற்குப் பெயர் பயணம். நான் வந்ததற்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது. பெற்ற பெண் மேல் இப்படி ஒரு தாய் நினைப்பாளா என்று கேட்காதீர்கள். நினைத்தேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து வந்ததும் கயல் என்னைக் கட்டிலில் உட்காரவைத்தாள். எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கையில் லேப்டாப் இல்லை.

"அம்மா, ஒரு கேள்வி கேக்கணும். நீ பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. என்ன பதில் சொன்னாலும்..." அங்கே நிறுத்தினாள். "என்ன சொன்னாலும் உனக்குக் கிடைக்கிற எதுவும் குறையாது."

"குறையும்டி. நீ போனா குறையும். பொய் சொல்லாதே."

"சரி. குறையும். நான் போகட்டுமா?"

"வேணாம்."

அவள் தலையாட்டினாள். "சரிம்மா" என்றாள். எழுந்து போய்த் துணி மடித்தாள்.

ஜெயித்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் மலாவி என்ற சொல்லே இல்லை. அவள் நேரத்துக்கு வந்தாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். குழம்பு நல்லா இருக்கும்மா என்றாள். என் பெண் வீட்டிலேயே இருந்தாள், நான் ஆசைப்பட்ட மாதிரியே. மக்காச்சோளத்தைப் பற்றிப் பேசும்போது அவள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்துபோவாள். அந்த முகத்தைக் காணோம். எரிச்சலாக இருந்தாலும் அந்த முகம்தான் வீட்டில் விளக்கு என்று எனக்கு அதுவரை தெரியாது.

கடைசியில் நானே கேட்டேன்.

"அந்தக் காசா சோளமாங்கற சண்டை என்ன ஆச்சு? யார் ஜெயிச்சீங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் முடியலம்மா. கிராமம் கிராமமா நேர்ல போய்ப் பார்த்தாத்தான் தெரியும். போன்ல முடியாது."

"அப்பப் போய்ப் பார்த்துட்டு வா."

"அம்மா..."

"கட்டிப்பிடிக்காதே. நல்ல மனசோட அனுப்பல. வயித்தெரிச்சலோடதான் அனுப்பறேன். அதையும் உன் ரிப்போர்ட்ல போட்டுக்கோ."

5

போய்விட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை வீடியோவில் வருகிறாள். வெயிலில் கறுத்து, என் சாயலுக்கு வந்துவிட்டாள். அவர்கள் மொழி சிச்சேவா. அதை அவள் நன்றாகப் பேசுகிறாளாம், சிகொண்டி சொன்னாள். தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். இதையெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் ஒரு கிராமத்திலிருந்து கூப்பிட்டாள். பின்னால் சோளக் கொல்லை. பெண்கள் கூட்டமாகப் போனை எட்டிப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். நான் எதற்காகவோ முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அதில் வயசான ஒருத்தி, தலையில் துணி கட்டியவள், போனைக் கயல் கையிலிருந்து பிடுங்கி என் முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். கடுகடுவென்று ஏதோ கேட்டாள். கயல் மொழிபெயர்க்கத் தயங்கினாள்.

"என்ன கேக்கறாங்க? சொல்லு."

"ஒரே பொண்ணை எதுக்கு இவ்ளோ தூரம் அனுப்பினே, உனக்கு யார் இருக்காங்கன்னு கேக்கறாங்க."

நான் மனசுக்குள் தினமும் கேட்டுக்கொள்கிற கேள்வி. அதை மலாவிக்காரி என்னைக் கேட்கிறாள். கோபம் வந்தது.

"யாரும் இல்லன்னு சொல்லு. அவ வந்து கேட்டா, அதனால அனுப்பினேன்னு சொல்லு."

கயல் சொன்னாள். கிழவி சிரிக்கவில்லை. போனை இறக்கிக்கொண்டு மெதுவாக ரொம்ப நேரம் பேசினாள். அவள் மகளும் போயிருக்கிறாளாம், ஜோகன்னஸ்பர்க்குக்கு, வீட்டு வேலைக்கு. ஒரு நாள் விடிந்து பார்த்தபோது பாய் மட்டும் இருந்ததாம்.

"அவங்க பொண்ணு கேக்காமலே போயிட்டாளாம், அம்மா" என்றாள் கயல்.

பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். நான் நினைக்கவில்லை. அவளுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது என்றுதான் முதலில் தோன்றியது. நெஞ்சு நிமிர்ந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவின் பெயர் என்னவென்று கேட்டேன்.